யார் கண்ணில் நல்ல பெயர்?

தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானிய மிஷனரிகள் 1712 முதல் சில ஆண்டுகள் அக்கம்பக்கத்து ஊர்களின் தமிழ்ப் படிப்பாளிகளுக்குக் கடிதம் எழுதிக் கேள்விகள் கேட்டார்கள். உங்கள் தெய்வங்கள் எவை, விரதங்கள் எவை, மறுபிறப்பை எப்படி விளங்கிக்கொள்கிறீர்கள், பிள்ளைகளுக்கு என்ன கற்பிக்கிறீர்கள் என்று அந்தக் கேள்விகள் நீண்டன. அவற்றோடு, கேட்பதற்கே துணிவு வேண்டிய ஒன்றையும் கேட்டார்கள்: எங்கள் வேதத்தை நீங்கள் ஏன் ஏற்றுக்கொள்வதில்லை? பதில்கள் வந்தன. அந்த மிஷனரிகளில் சீகன்பால்கும் அவருடைய தோழர் க்ருண்ட்லரும் அவற்றை ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். 99 கடிதங்கள் 1714-லும் 1717-லும் இரண்டு பகுதிகளாக அங்கே அச்சேறின. தமிழ் மூலம் போய்விட்டது. ஜெர்மன் வடிவம் மட்டும் எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டில் சீர்திருத்தத் திருச்சபையின் மிஷன் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் அதைப்பற்றி ஊரார் சொன்ன தீர்ப்பு அந்தத் தாள்களில் இருக்கிறது.

தங்கள் சமயத்துக்காக வாதாடிய பதில்கள் அவற்றில் உண்டு. ஆனால் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது கிறிஸ்தவர்களின் நடத்தை. இவர்கள் குடிக்கிறார்கள். பசுவைத் தின்கிறார்கள். கைகால் கழுவுவதில்லை. கண்ட இடத்தில் துப்புகிறார்கள். இப்படி வாழ்கிறவர்களின் வேதம் மட்டும் எப்படி உயர்ந்ததாக இருக்க முடியும்? வேதபுத்தகம் அப்போது தமிழில் முழுமையாக அச்சாகவில்லை. புதிய ஏற்பாடே 1714-15-ல்தான் வெளிவந்தது. புத்தகம் கைக்கு வருவதற்கு முன்பே, அதை நம்புகிறவர்களை ஊர் படித்து முடித்திருந்தது.

டேனியர்கள் தரங்கம்பாடிக்கு வந்தது 1620-ல். சீகன்பால்கு கரையிறங்கியது 1706 ஜூலை 9 அன்று. இடைப்பட்ட எண்பத்தாறு ஆண்டுகள் அந்தக் கடற்கரை மக்கள் பார்த்த கிறிஸ்தவன் யார்? கோட்டைச் சிப்பாய், கும்பனிக் கணக்கன், துபாஷி, சாராயம் ஏற்றிய கப்பலோட்டி. ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள் ஆராதனை நடந்தது. திங்கட்கிழமை அதே ஆட்கள் வணிகனிடமும் நெசவாளியிடமும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் வெளியே தெரிந்தது. வந்து இரண்டே ஆண்டில் சீகன்பால்குவுக்கு அது நேரடியாகவே விளங்கிவிட்டது. ஒரு நாவிதரின் விதவைக்கும் கும்பனி ஆள் ஒருவருக்கும் கடன் தகராறு. சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காகப் பேசப் போனார். கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவரைச் சிறையில் போட்டார். 1708 இறுதியிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம் அவர் சிறையில் இருந்தார். அடைத்தவரும் கிறிஸ்தவர், அடைபட்டவரும் கிறிஸ்தவர். ஒரே விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிட்ட அந்த இருவரில் யாரை வைத்துக் கிறிஸ்துவை அளப்பது என்ற கேள்வி, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மீனவனுக்கும் அன்று எழுந்திருக்கும்.

இந்தக் கடிதங்களைச் சொல்லி, பாருங்கள், நாம் ஒழுக்கமாக இருந்தால் ஊர் நம்மை மதிக்கும் என்று பிரசங்கம் செய்வது எளிது. எனக்கு அது போதவில்லை. அந்தப் பதில்களை எழுதியவர்கள் படித்தவர்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள். அவர்கள் சொன்ன குறைகள் இரண்டு வகை. குடிக்கிறார்கள், வாழ்க்கை சீராக இல்லை என்பது ஒரு வகை. அது நியாயமான குற்றச்சாட்டு; எந்த மதத்தின் அளவுகோலுக்கும் நிற்கும். தொடக்கூடாததைத் தொடுகிறார்கள், உண்ணக்கூடாததை உண்கிறார்கள், ஆசாரம் இல்லை என்பது இன்னொரு வகை. அதில் ஒழுக்கத்தைவிடச் சாதி அதிகம். ஊரின் தீர்ப்பில் உண்மையும் ஊரின் நோயும் கலந்தே இருந்தன. நம் திருச்சபைகளின் முந்நூறு ஆண்டு வரலாற்றைப் பார்க்கும்போது, அந்த இரண்டில் எந்தக் குறையைத் தீர்ப்பதற்கு நாம் அதிகம் பாடுபட்டோம் என்பதே என்னை வாட்டும் கேள்வி.

தரங்கம்பாடிக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே மதுரையில் இது தொடங்கிவிட்டது. சேசுசபை மிஷனரி ராபர்ட் டி நோபிலி 1606-ல் அங்கே வந்தபோது, கோன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசுசபைத் துறவி பல ஆண்டுகளாக அங்கு இருந்தார். உயர்சாதியார் யாரும் அவர் பக்கம் வரவில்லை. பரங்கியின் மதம் என்ற இளக்காரம் அதற்குக் காரணம். மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, கீழ்ச்சாதியாரோடு புழங்குகிறவன் பரங்கி. நோபிலி அந்த இளக்காரத்தைத் துடைக்க முடிவு செய்தார். காவி உடுத்தார், மரக்கறி உண்டார், பூணூல் அணிந்தார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். பெர்னாண்டஸோடும் பரதவக் கிறிஸ்தவர்களோடும் வெளிப்படையாகப் புழங்குவதைத் தவிர்த்தார். அவருடைய தமிழ்த் தொண்டையும் இந்த மண்ணின்மீது அவர் வைத்த அன்பையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1640-க்குப் பிறகு மிஷனரிகளே இரு வகையானார்கள்: மேல்சாதியாருக்கு பிராமண சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி. உயர்சாதி அண்டைவீட்டானின் கண்ணில் நல்லவனாக ஆக எடுத்த முயற்சியில், கீழே நின்றவன் பார்க்க, ஒரே நற்கருணையின் ஊழியர்கள் ஒருவரை ஒருவர் விட்டு விலகி நடந்தார்கள்.

தரங்கம்பாடியும் இதிலிருந்து தப்பவில்லை. சீயோன் கோவில் ஐரோப்பியருக்கு. 1718-ல் தமிழருக்குப் புதிய எருசலேம் ஆலயம். அந்தப் புதிய எருசலேமுக்குள்ளும் சாதிப்படி தனித்தனியே உட்கார்ந்தார்கள். ராஜநாயக்கன் என்ற உபதேசியாரின் வாழ்க்கையில் இது கண்கூடாகத் தெரிகிறது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர், தஞ்சை அரசரின் படையில் சேவகர், கத்தோலிக்கர். தமிழில் அச்சான சுவிசேஷங்கள் கைக்குக் கிடைத்தன. படித்து நெஞ்சம் மாறி, தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்தார். அடியும் உதையும் பட்டுத் தஞ்சைப் பகுதியில் பல பத்தாண்டுகள் ஊழியம் செய்தார். 1740-களில் ஒரு தமிழரைக் குருவாக அபிஷேகம் செய்ய வேண்டிய நேரம் வந்தது. தகுதியில் அவர் யாருக்கும் குறைந்தவரில்லை என்பதை மிஷனரிகள் அறிந்திருந்தார்கள். ஆனாலும் அவரைக் குருவாக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்குத் திருவிருந்தின்மீதே மதிப்புக் குறைந்துபோகும் என்பது அவர்கள் பதிவு செய்த காரணம். 1771-ல் இறக்கும்வரை ராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார். நம் திருச்சபையின் குருமார் பட்டியலில் இல்லாத அந்தப் பெயரை, இருக்கும் பல பெயர்களைவிட நான் பெரிதாக நினைக்கிறேன். தன்னை ஒதுக்கிய சபைக்காக ஒவ்வொரு நாளும் நடந்தே ஊர் ஊராய்ப் போனவரின் நடத்தையிலும் கிறிஸ்தவம் தெரிந்தது. அவரை ஒதுக்கியவர்களின் நடத்தையிலும் அதன் குறை தெரிந்தது.

நடத்தையால் விசுவாசத்துக்குச் சாட்சி சொன்னவர் யார் என்று தஞ்சைப் பக்கம் கேட்டால் முதலில் வரும் பெயர் சுவார்ட்ஸ் ஐயர். 1750-ல் மிஷனரியாக வந்து 1798-ல் தஞ்சையில் இறந்தவர். ஹைதர் அலிக்கு ஆங்கிலக் கும்பனியின் எந்தத் தூதன்மீதும் நம்பிக்கையில்லாத 1779-ல், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பப்பட்டவர் அவர். வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குச் சேர்த்தார். பின்பு போர் வந்தது, பஞ்சம் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் தெருவெல்லாம் பட்டினிச் சாவு. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, மாடும் இருந்தது. ஆனால் அரசர் ஆள் அனுப்பியும் குடியானவர்கள் வரவில்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்குக் காசு கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசரும் சரி, கும்பனியும் சரி, சொன்ன சொல்லுக்கு மதிப்பே இல்லை. கடைசியில் சுவார்ட்ஸ் தன் பெயரில் வாக்குக் கொடுத்தார்: விலையை நான் தருகிறேன். சில நாட்களில் ஆயிரம் மாடுகளும் 80,000 கலம் தானியமும் கோட்டைக்கு வந்து சேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வந்தவர்களுக்குக் காசு பைசா பாக்கியில்லாமல் கொடுத்தனுப்பினார்.

அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாக மாறவில்லை. மாற வேண்டும் என்று அவர் பேரம் பேசவும் இல்லை. ஒரு மனிதன் தந்த வாக்கை நம்பி மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நம்பிக்கை ஒரே நாளில் முளைத்ததா? முப்பது ஆண்டுகள் அந்த வயல்வரப்புகளில் அவர் நடந்திருக்கிறார். கூலி கொடுத்தது, கடன் திருப்பியது, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது, அரசரின் முகத்துக்கு அஞ்சாதது என்று யாரும் குறித்து வைக்காத சிறிய செயல்கள் சேர்ந்து உண்டான நம்பிக்கை அது. அவர் இறந்தபின் இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சை தேவாலயத்தில் அவருக்குப் பளிங்குச் சிற்பம் எழுப்பினார். லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செதுக்கியது. ஒரு இந்து அரசர் ஒரு பாதிரியாருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் என்று அதைப் பெருமையாகக் காட்டுகிறோம். காட்ட வேண்டியதுதான்.

ஆனால் அதே தேவாலயத்தில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒருபக்கம், ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் இன்னொருபக்கம் உட்கார்ந்தார்கள். சுவார்ட்ஸ் அதைப் பொறுத்துக்கொண்டார். மெல்ல மாறும் என்று நம்பினார். மாறவில்லை. அவர் கையில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டுக்கே குரல் கொடுத்த பெருங்கவிஞர், பிற்காலத்தில் புதிய மிஷனரிகள் எல்லோரையும் ஒன்றாக உட்காரச் சொன்னபோது அதை எதிர்த்து எழுதினார். எங்கள் மரபை, எங்கள் இசையை, எங்கள் பூவையும் சந்தனத்தையும் பறிக்கிறீர்கள் என்ற அவருடைய வேதனையில் உண்மை இருந்தது. வெள்ளைக்காரர்களின் ஆணவத்தை அவர் சரியாகவே கண்டார். அந்த உண்மையோடு சாதி வரிசையும் சேர்ந்து நின்றது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபைக்குள் இனி இருக்கக்கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டபோது தஞ்சையில் பெரும்பகுதியினர் சபையைவிட்டு வெளியேறினார்கள். பஞ்சத்தில் தானியம் கொடுத்துச் சாட்சியாக நின்ற சபை, திருவிருந்துப் பாத்திரத்தின் முன்னே உடைந்தது. ஊரான் நம்பும் அளவுக்கு நேர்மையாக இருக்க நமக்குத் தெரிந்திருந்தது. சகோதரன் பக்கத்தில் உட்கார மட்டும் முடியவில்லை.

தெற்கே வடக்கன்குளத்தில் இந்த மனநிலை கட்டடமாகவே எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய திருக்குடும்ப ஆலயம், ஒரே பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும். வெள்ளாளர் ஒரு காலில், நாடார் இன்னொரு காலில், நடுவே தடுப்பு. ஒரே பூசையை இரண்டு சாதியும் ஒன்றையொன்று பாராமல் காண முடிந்தது. 1910-ல் தடுப்பு இடிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கட்டக் கேட்டு வழக்கு உயர்நீதிமன்றம்வரை போனது. சாதியின் பெயரால் தேவாலயத்தில் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இந்த ஊரின் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். இதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரசில் பதவியில் இருந்தவர். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியவர். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரின் பின்னால் வழங்கிவந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. அவர் தன் வாழ்வில் விட்டுவிட்டதை, அவருடைய திருச்சபை அவர் பெயரிலிருந்து எடுக்க ஏறக்குறைய 270 ஆண்டுகள் ஆயின.

பழங்கதை பேசுகிறேன் என்று யாராவது நினைத்தால், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளுக்கும் மற்றவர்களின் கல்லறைகளுக்கும் நடுவே எழுந்த சுவரை நினைத்துப் பார்க்கட்டும். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் செத்தவர்களுக்கிடையே கட்டிய சுவர் அது. 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டைக்கு அருகே எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடியதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். எல்லோரும் ஒரே மாதாவின் பெயரில் ஜெபமாலை சொல்கிற ஊர். 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலை நான் மதிக்கிறேன். ஆனால் அதை முதலில் சொன்னவர்கள் ஆயர்கள் இல்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992-லேயே வந்துவிட்டது. ஏழைகளுக்குத் தொண்டு செய்ய மடத்தில் சேர்ந்த ஒரு தலித் பெண், அங்கே ஏழ்மை என்ற வார்த்தைப்பாட்டுக்கும் மடத்துச் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் கண்ட தூரத்தை எழுதினார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியைப் பார்த்து எழுதியவர்கள் மேலே நின்று, வெளியே நின்று எழுதியவர்கள். பாமா கீழிருந்து, உள்ளிருந்து எழுதினார். எந்தச் சாட்சியத்தைத் திருச்சபை முதலில் கேட்டிருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் மணமகன், மணமகள் தேவை பகுதியைப் புரட்டினாலே போதும். சி.எஸ்.ஐ. நாடார், ஆர்.சி. வெள்ளாளர், ஆர்.சி. உடையார், பெந்தெகொஸ்தே முதலியார். அதற்குக் கீழே ‘இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற’ வரன் வேண்டும் என்ற கோரிக்கை. இந்த விளம்பரத்தைக் கொடுப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அதிகாலையில் எழுந்து வேதம் வாசிப்பவர்கள், காணிக்கை தவறாதவர்கள், பக்கத்து வீட்டில் நோய் என்றால் கஞ்சி கொண்டுபோகிறவர்கள். அவர்களுடைய பக்தி மெய்யானது. அது போகாமல் நிற்கும் எல்லையும் மெய்யானது. ஒருவருடைய விசுவாசம் எதுவரை போகிறது என்பதை அவர் எவ்வளவு நேரம் ஜெபிக்கிறார் என்பது காட்டாது. யாரோடு சம்பந்தம் வைத்துக்கொள்கிறார் என்பது காட்டிவிடும்.

வேதாகமத்திலேயே இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. அதைப் பற்றி நம் பிரசங்கபீடங்கள் அதிகம் பேசுவதில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதிக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி மெல்ல எழுந்து விலகினார். பவுல் எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. கிறிஸ்துவை மறுதலிக்கவும் இல்லை. பந்தியை மட்டும் மாற்றினார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்று பவுல் தீர்ப்புச் சொன்னது அந்த ஒரு செயலுக்காக. மதிப்புள்ளவர்கள் பார்க்கிறார்கள் என்ற அச்சத்தில், மதிப்பில்லாதவர்களின் பக்கத்திலிருந்து எழுந்துபோவது. தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த அந்தியோகியாப் பந்தியில்தான் நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. நாங்கள் நடத்தையால் இரட்சிக்கப்படுகிறவர்கள் அல்லவே, கிருபையால் அல்லவா? மனிதன் குறையுள்ளவன், அவனுடைய குறையை வைத்து விசுவாசத்தை எடைபோடலாமா? சீகன்பால்கும் சுவார்ட்ஸும் கொண்டுவந்த லுத்தரின் போதனையே இதுதான். நான் அதை முழுவதும் ஏற்கிறேன். ஏற்பதனால்தான் கேட்கிறேன். கிருபை என்றால் என்ன? என் குலமோ பட்டமோ ஊரில் என் குடும்பத்துக்கு உள்ள பெயரோ எதுவும் இல்லாமலே நான் ஏற்றுக்கொள்ளப்பட்டேன் என்பதுதானே? அப்படி நம்புகிறவன் தன் மதிப்பைக் காப்பாற்ற ஏன் அலைய வேண்டும்? யாரோடு உட்கார்ந்தாலும், யார் வீட்டில் தண்ணீர் குடித்தாலும், யாருக்குப் பெண் கொடுத்தாலும் அவனுக்குக் குறைவதற்கு எதுவும் இல்லை. அவனைப் போல விடுதலையானவன் ஊரில் ஒருவனும் இருக்க முடியாது. எனவே சாதி மதிப்பைக் கைவிடாமல் பிடித்திருக்கும் கிறிஸ்தவனிடம் ஒழுக்கம் குறைவாக இருக்கிறது என்பதைவிட, அவன் கிருபையை இன்னும் நம்பவில்லை என்பதே பொருத்தம். நடத்தை விசுவாசத்துக்கு விளம்பரப் பலகை ஆகாது. நாம் மெய்யாக எதை நம்புகிறோம் என்பதை, நாம் சொல்லாமலே நம் நடத்தை சொல்லிவிடுகிறது.

இன்னொரு மறுப்பும் உண்டு. எங்கள் பள்ளிகளைப் பாருங்கள், மருத்துவமனைகளைப் பாருங்கள், அவை சாட்சியில்லையா? கட்டாயம் சாட்சிதான். கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் குடியேறியபோது அவர்களை முன்னின்று எதிர்த்தவர் ஒரு பூசாரி. அவர் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது அக்கம்பக்கத்தார் விலகிப்போனார்கள். பிராண்டுகள் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். அவர் தன் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு இறந்தார். ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்தபின்பும் ஈவ்லின் மலைகளை மறக்கவில்லை. மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் தன் பொறுப்பில் மலையேறினார். 1974-ல் 95 வயதில் இறந்தார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போன அந்த மூதாட்டியை நினைக்கும்போது எனக்கு நம்பிக்கை துளிர்க்கிறது. ஆனால் அவர் தானே ஏறிப்போன மலைக்கு, இன்று நாம் நம் நிறுவனத்தை அனுப்பி வைக்கிறோம். ஆஸ்பத்திரி எல்லோருக்கும் மருந்து கொடுக்கிறது; அதனால் என் வீட்டு வாசலில் நான் யாரை நிறுத்திப் பேசுகிறேன் என்று யாரும் கேட்கக்கூடாது என்று நினைக்கிறோம். சபையின் நற்செயல் தனிமனிதனுக்கு மறைவிடம் ஆகிவிட்டது. அண்டைவீட்டானுக்கு இரண்டும் தெரியும். மருத்துவமனைக்கு நன்றி சொல்கிற அதே வாயால் நம் வீட்டைப் பற்றியும் அவன் பேசுகிறான்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில் அசனம் என்று ஒன்று உண்டு. பிரதிஷ்டைப் பண்டிகையன்று ஆலய வளாகத்தில் பெரிய வட்டாக்களில் சோறு பொங்கி, குழம்பு வைத்து, ஊரே ஒரே பந்தியில் உண்பது. வேறு மதத்தாரும் வந்து உண்பார்கள். தமிழ்க் கிறிஸ்தவம் இந்த மண்ணுக்குக் கொடுத்த அழகான பழக்கங்களில் அதை முதலாவதாகச் சொல்வேன். திருவிருந்தில் ஒரு துண்டு அப்பமாகச் சுருங்கியது அங்கே இலைநிறையச் சோறாக விரிகிறது. அந்த ஒரு நாள் வழக்கம் மற்ற நாட்களுக்கு ஏன் பரவுவதில்லை? அசனத்தில் அருகே உட்கார்ந்தவள் மறுநாள் வீட்டு வேலைக்கு வரும்போது அவளுக்கு ஏன் தனித் தம்ளர்? ஆலயமணி அடித்து, தரை கூட்டி, விளக்கேற்றும் கோயில்குட்டிக்குச் சபை கொடுக்கும் சம்பளம், அதே சபையின் முதலாளிமார் தங்கள் கடைப் பையனுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கலாமா? ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடியும் நிச்சயதார்த்தத்தின் நடுவே நகைக்கும் ரொக்கத்துக்கும் இடம் ஏது? சேகரத் தேர்தலில் தோற்றவர் ஜெயித்தவர்மீது வழக்குப் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு இருவரும் ஒரே அப்பத்தைப் பிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த அப்பத்தைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும்? பலிபீடத்தில் காணிக்கை வைக்க வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறையுண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகட்டும் என்றார் இயேசு. அவர் ஆராதனையின் நடுவில் எழுந்துபோகச் சொல்கிறார். நாம் ஆராதனைக்குள் வந்து ஒளிந்துகொள்கிறோம்.

நம்மைப் பற்றி நான்கு பேர் நல்லபடியாகப் பேச வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறார்கள். அந்த நான்கு பேர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள், சம்பந்தி வீட்டார், மறைமாவட்ட அலுவலகம், அரசு அதிகாரிகள் என்றால், அவர்களிடம் நல்ல பெயர் வாங்க நமக்குத் தெரியும். நானூறு ஆண்டுகளாக வாங்கிக்கொண்டும் இருக்கிறோம். இயேசு காட்டிய நான்கு பேர் வேறு. பசித்தவன், உடுக்க இல்லாதவன், நோயாளி, சிறையில் கிடப்பவன். இன்றைய தமிழ்நாட்டில் அவர்களோடு இன்னும் சிலரைச் சேர்க்க வேண்டும்: கல்லறைச் சுவரின் மறுபக்கத்தில் தாயைப் புதைத்தவர், நம் வீட்டில் தனித் தம்ளரில் குடிப்பவர், நம் பள்ளியில் வேலைக்குப் பணம் கேட்கப்பட்டவர், நம் மகனைக் காதலித்ததற்காக விரட்டப்பட்ட பெண். கிறிஸ்தவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு இவர்கள் சொல்லும் சாட்சியம் ஒன்றே செல்லும்.

இவர்களிடம் போய்க் கேட்க ஒரு சபைக்கு நிதி தேவையில்லை, மாநாடு தேவையில்லை. ஆயர் பேரவையின் ஆவணத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஆண்டு சேகரக் கூட்டத்தில் கோயில்குட்டியின் சம்பளத்தை முதல் பொருளாக எடுக்கலாம். அடுத்த சாவு விழும்போது கல்லறையில் இடத்தைச் சாதி பாராமல் வரிசைப்படி கொடுக்கலாம். வரன் தேடும் விளம்பரத்தில் சாதியின் பெயரை அடித்துவிட்டுக் கொடுக்கலாம். அதற்கு வரும் பதில்களைத் தைரியமாக எதிர்கொள்ளலாம். இவை சிறியவை என்று தோன்றினால், ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டதும் ஒரு சிறிய செயல்தான்: ஒரு துண்டு அப்பத்தை இன்னொருவர் கையில் வைப்பது. அந்தச் சிறிய செயலுக்கு அஞ்சிய சபை, தன் விசுவாசத்தின் மையத்தையே விட்டுக்கொடுத்தது. இன்று அதைச் செய்யத் துணிகிறவர் எந்த மேடையிலும் ஏறாமலே அந்த மையத்தைத் திரும்ப மீட்கிறார்.